பழைய கம்ப்யூட்டரில் ப்ராக்ஸி சர்வர்: காரைக்குடிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் டியூஷன் சென்டர், சின்ன அலுவலகம், விருந்தினர் தங்கும் பழைய வீடு என்று பல இடங்களில் கம்ப்யூட்டர், நெட் வேலை பார்த்து வருகிறேன். மூலையில் கிடக்கும் பழைய மெஷினைக் காட்டி "இதில் ப்ராக்ஸி போடலாமா?" என்று யாராவது கேட்டால், அதற்கடுத்து வரும் சந்தேகங்கள் எல்லா ஊரிலும் ஒன்றாகவே இருக்கின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதியிருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பழைய மெஷினில் ப்ராக்ஸி நல்ல யோசனைதான், ஆனால் வேகத்துக்காக அதை வைக்காதீர்கள். யாருக்கு, எப்போது, எது என்று ஒழுங்குபடுத்தவே அது உதவும்.

ப்ராக்ஸின்னா என்னண்ணே? சுருக்கமா சொல்லுங்க.

உங்கள் கம்ப்யூட்டர் நேராக இணையத்துக்குப் போகாமல், நடுவில் இருக்கும் இன்னொரு கம்ப்யூட்டரிடம் "இந்தத் தளம் வேண்டும்" என்று கேட்கும். அது போய் வாங்கி வந்து கொடுக்கும். நடுவில் இருக்கும் அதுதான் ப்ராக்ஸி. அந்தக் காலத்து வீட்டுக் கணக்குப்பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே வாங்குவது எல்லாம் அவர் வழியாகத்தான். யாருக்கு எது கொடுக்கலாம், எது கூடாது என்று முதலாளி சொன்னதை அவர் பார்த்துக்கொள்வார். எல்லாம் பேரேட்டில் ஏறும்.

வேண்டாத தளங்களைத் தடுக்கலாம், நேரக் கட்டுப்பாடு வைக்கலாம், எந்தக் கம்ப்யூட்டர் எந்தத் தளத்துக்குப் போனது என்ற பதிவு கிடைக்கும். பத்துப் பிள்ளைகள் உட்காரும் ஒரு டியூஷன் சென்டருக்கு இது மூன்றும் தேவைப்படும்.

ஒரு தடவை பார்த்ததை அது சேர்த்து வச்சுக்குமாமே, அப்ப நெட் வேகமாகும்ல?

ஒரு காலத்தில் ஆனது. ஸ்க்விட் என்ற ப்ராக்ஸி மென்பொருள் 1996இல் வந்தபோது தளங்கள் எல்லாம் மறைகுறி இல்லாமல் வந்தன. ஒருவர் திறந்த படத்தை ப்ராக்ஸி சேமித்து வைத்து, அடுத்தவருக்கு உள்ளேயிருந்தே எடுத்துக் கொடுக்கும். மெதுவான போன் லைனில் அது பெரிய உதவி.

இன்றைக்கு ஏறக்குறைய எல்லாத் தளமும் எச்டிடிபிஎஸ், அதாவது உள்ளே இருப்பதை மறைகுறியாக்கி அனுப்பும் முறை. உங்கள் பிரவுசர் ப்ராக்ஸியிடம் "இந்தத் தளத்துக்கு ஒரு குழாய் போட்டுக் கொடு" என்று மட்டும் கேட்கும். அதற்குப் பிறகு குழாய்க்குள் ஓடுவது ப்ராக்ஸிக்குத் தெரியாது. தெரியாததை எப்படிச் சேமிக்கும்? யூடியூப், வாட்ஸ்அப், பேங்க் எதுவும் சேமிப்பில் நிற்காது. பழைய மெஷின் ரொம்பத் தள்ளாடினால் வேகம் குறையவும் செய்யும்.

சேமிப்பு இன்னும் பலன் தரும் இடங்களும் இருக்கின்றன. விண்டோஸுக்குப் பதில் உபுண்டு, டெபியன் என்ற லினக்ஸ் வகைகள் போட்ட கம்ப்யூட்டர்கள் பல இருந்தால், ஆப்ட் கேச்சர் என்ஜி என்ற சின்ன மென்பொருளை அதே பழைய மெஷினில் போடுங்கள். அப்டேட் ஒருமுறை இறங்கினால் போதும், மற்றவை அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் 10, 11 கம்ப்யூட்டர்களுக்கு ப்ராக்ஸியே தேவையில்லை. டெலிவரி ஆப்டிமைசேஷன் அமைப்பில் "உள் நெட்வொர்க்கில் உள்ள கம்ப்யூட்டர்கள்" என்பதைத் தேர்ந்தெடுத்தால் அப்டேட்டை அவை தங்களுக்குள்ளேயே பகிர்ந்துகொள்ளும்.

பரண்ல ஒரு பழைய பெண்டியம் 4 கிடக்கு. அது போதுமா?

ப்ராக்ஸிக்குப் பலம் போதும். குழாய் போட்டுக் கொடுக்கும் வேலைக்குப் பெரிய பிராசசர் வேண்டாம். 1 ஜிபி ரேம், நூறு மெகாபிட் லேன் கார்டு, வேலை செய்யும் ஒரு ஹார்டு டிஸ்க் இருந்தால் ஒரு டியூஷன் சென்டருக்குத் தாராளம். ரேம் 512 எம்பிதான் என்றாலும் சமாளிக்கலாம். நெட் இணைப்பே நூறு மெகாபிட்டுக்கு மேல் என்றால் மட்டும் அந்த லேன் கார்டு தடையாக நிற்கும்.

அதைவிட முக்கியம் 32 பிட்டா 64 பிட்டா என்பது. ஆரம்பகாலப் பெண்டியம் 4 எல்லாம் 32 பிட் மட்டுமே. 2025இல் வந்த டெபியன் 13இல் பழைய 32 பிட் மெஷின்களுக்கான இன்ஸ்டாலரே இல்லை. டெபியன் 12இல் உண்டு, அதற்கான நீண்டகாலப் பாதுகாப்பு ஆதரவு 2028 வரை. கோர் 2 டுவோ மெஷின் கிடைத்தால் இந்தக் கவலை இல்லை, அது 64 பிட்.

என்னைக் கேட்டால் பெண்டியம் 4ஐ விட ஒரு பழைய லேப்டாப் மேல். திரை உடைந்திருந்தாலும் பரவாயில்லை. காரணம் அடுத்த பதிலில். ஏற்கெனவே விண்டோஸ் எக்ஸ்பி இருக்கிறது, அதிலேயே போட்டுவிடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கூடாது. 2014 ஏப்ரலோடு அதற்குப் பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. எல்லார் போக்குவரத்தும் கடந்து போகிற மெஷினில் அதை வைக்க வேண்டாம்.

24 மணி நேரமும் ஓடினா இபி பில் எகிறாதா?

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். பழைய டெஸ்க்டாப் ஒன்று சும்மா இருக்கும்போதே 80 வாட் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 1.92 யூனிட், அறுபது நாளுக்கு ஏறத்தாழ 115 யூனிட். நம் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதை இந்த ஒரு மெஷினே தின்று தீர்த்துவிடும். கடை இணைப்பு என்றால் அந்த இலவசமும் கிடையாது.

15 வாட் இழுக்கும் பழைய லேப்டாப் என்றால் அதே அறுபது நாளுக்கு 22 யூனிட்டுக்குள் முடிந்துவிடும். பழைய ஆட்டம் நெட்புக்கும் இதே ரகம். மெஷின் இலவசமாகக் கிடைத்தது என்று பெண்டியம் 4ஐ வருடக்கணக்கில் ஓட்டுவது லாபமில்லை. அது மட்டும்தான் இருக்கிறது என்றால் டியூஷன் நேரத்துக்கு மட்டும் போட்டு நிறுத்துங்கள்.

பல வருஷமா கிடந்த மெஷின். அப்படியே சுவிட்ச் போடலாமா?

வேண்டாம், முதலில் கேபினட்டைத் திறங்கள். சிபியு மேல் இருக்கும் ஃபேனைக் கழற்றினால் அடியில் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே புழுதி கம்பளி மாதிரி அடைத்திருக்கும். நம் ஊர்ச் செம்மண் புழுதி ஈரம் பட்டால் இறுகிவிடும், ஊதினால் வராது. மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷால் சுரண்டி எடுக்க வேண்டும். பழைய தெர்மல் பேஸ்ட் சுண்ணாம்பாகக் காய்ந்திருக்கும். துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு பட்டாணி அளவு வையுங்கள். மதர்போர்டில் நிற்கும் சின்ன உருளைக் கெப்பாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருந்தால் நல்லது. உப்பியிருந்தால், பழுப்பாகக் கசிந்திருந்தால் அந்த போர்டை நம்பாதீர்கள்.

வட்ட பட்டன் பேட்டரி, சிஆர் 2032, கட்டாயம் மாற்றுங்கள். அது செத்திருந்தால் ஒவ்வொரு முறை கரண்ட் போகும்போதும் தேதி பின்னால் போய்விடும். பதிவுகளில் தேதி தப்பாக ஏறும், டெபியன் அப்டேட்டும் மறுத்துவிடும். லேப்டாப் என்றால் பேட்டரி உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். உப்பியிருந்தால் கழற்றி வெளியே வைத்துவிட்டு சார்ஜரில் மட்டும் ஓட்டுங்கள். இதில் விளையாட்டு வேண்டாம், தீப்பிடிக்கும் பொருள்.

ஸ்க்விட் போடவா, டைனிப்ராக்ஸி போடவா?

ரேம் 256 எம்பி போன்ற மிகப் பழைய மெஷினுக்கு டைனிப்ராக்ஸி. மிகச் சின்னது, எளிய தடுப்புப் பட்டியலும் அதில் உண்டு. மற்ற எல்லாவற்றுக்கும் ஸ்க்விட். நேரக் கட்டுப்பாடு, குழுக் குழுவாக விதி, தெளிவான பதிவு எல்லாம் அதில் கிடைக்கும். இனி வரும் பதில்கள் ஸ்க்விட்டை வைத்தே.

சரி, வரிசையா சொல்லுங்க. எங்கிருந்து ஆரம்பிக்கணும்?

டெபியனைப் பென்டிரைவில் ஏற்றி நிறுவுங்கள். என்னென்ன வேண்டும் என்று கேட்கும் திரையில் டெஸ்க்டாப் எதையும் தேர்ந்தெடுக்காதீர்கள். எஸ்எஸ்எச் சர்வர் (வேறு கம்ப்யூட்டரிலிருந்து இதை இயக்க), அடிப்படைக் கருவிகள் இரண்டு மட்டும் போதும். அப்போதுதான் ரேம் ப்ராக்ஸிக்கு மிஞ்சும். அப்புறம் ரூட்டருக்குள் போய் இந்த மெஷினுக்கு நிலையான ஐபி (நெட்வொர்க் முகவரி) ஒதுக்குங்கள், உதாரணமாக 192.168.1.10. ஐபி மாறிக்கொண்டே இருந்தால் தினமும் ஒரு போன் வரும்.

அடுத்து டெபியனின் மென்பொருள் நிறுவும் கருவியான ஆப்ட் மூலம் ஸ்க்விட்டை நிறுவுங்கள். டெபியனில் அது நிறுவியவுடன் தன் மெஷினுக்கு மட்டுமே வேலை செய்யும், மற்ற எல்லாரையும் மறுக்கும். நல்ல பழக்கம்தான். அதன் மூல அமைப்புக் கோப்பில் விளக்கக் குறிப்புகளே ஆயிரக்கணக்கான வரிகள் இருக்கும். அதில் கை வைக்காமல், பக்கத்தில் இருக்கும் கான்ஃப் டாட் டி என்ற அடைவில் உங்கள் விதிகளுக்கென ஒரு சின்னக் கோப்பு போடுங்கள். முதலில் உங்கள் உள் நெட்வொர்க்குக்கு, அதாவது 192.168.1.0/24 (192.168.1 என்று தொடங்கும் எல்லா ஐபியும்), ஒரு பெயர் வைக்கும் வரி. அடுத்து தடுக்க வேண்டியவை. கடைசியில் அந்த நெட்வொர்க்குக்கு அனுமதி.

வரிசை மிக முக்கியம். ஸ்க்விட் மேலிருந்து கீழே படிக்கும், முதலில் பொருந்தும் விதியோடு நின்றுவிடும். அனுமதியை மேலே எழுதிவிட்டுத் தடுப்பைக் கீழே எழுதினால் தடுப்புக்கு அர்த்தமே இல்லை. மாற்றிய பிறகு, ஸ்க்விட்டின் பார்ஸ் கட்டளையால் கோப்பில் பிழை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் ரீகான்ஃபிகர் கட்டளை கொடுங்கள். ஸ்க்விட் கேட்டுக்கொண்டிருக்கும் போர்ட், அதாவது வாசல் எண், 3128.

512 எம்பி ரேம்தான் இருக்கு. கேஷ் எவ்வளவு வைக்கலாம்?

கேஷ் என்றால் முன்பு சொன்ன அந்தச் சேமிப்புதான். ரேமில் அதன் அளவைச் சொல்லும் கேஷ் மெம் என்ற வரி, சொல்லாமல் விட்டால், 256 எம்பி. அது ஸ்க்விட் மொத்தமாக எடுக்கும் ரேம் இல்லை, சேமிப்புக்கு மட்டும். அதற்கு மேலும் எடுக்கும். 512 எம்பி மெஷினில் அதை 32 அல்லது 64 எம்பியாகக் குறைத்து எழுதுங்கள்.

ஹார்டு டிஸ்க்கில் கேஷ் வைக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. ஒவ்வொரு ஜிபி டிஸ்க் கேஷுக்கும் அதன் அட்டவணையை நினைவில் வைக்க 10 முதல் 14 எம்பி ரேம் போகும். வேகம் பற்றிய கேள்வியில் சொன்ன காரணத்தால் திரும்பக் கிடைக்கும் பலனோ மிகக் குறைவு. பழைய டிஸ்க்கும் வீணாகத் தேயும்.

எல்லாக் கம்ப்யூட்டர்லயும் போய் செட் பண்ணணுமா? செல்போனுக்கு?

விண்டோஸில் நெட்வொர்க் அமைப்புக்குள் ப்ராக்ஸி என்ற பகுதி இருக்கிறது. ஐபியும் 3128ம் எழுதினால் போதும். ஆண்ட்ராய்டில் வைஃபை பெயரை அழுத்திப் பிடித்து மேம்பட்ட அமைப்புக்குள் போனால் ப்ராக்ஸி மேனுவல் என்று வரும். ஆனால் போனில் பிரவுசர் கேட்கும், பல ஆப்கள் அந்த அமைப்பைக் கண்டுகொள்ளாது.

ப்ராக்ஸியைத் தவிர வேறு வழியே இருக்கக் கூடாது என்றால் ரூட்டரின் ஃபயர்வாலில் (போக்குவரத்தை அனுமதிக்கும், தடுக்கும் பகுதி) வேலை செய்ய வேண்டும். 192.168.1.10 தவிர மற்றவர்கள், தளங்கள் வரும் 80, 443 போர்ட்டுகளில் வெளியே போவதைத் தடுங்கள். தரவு போகும் முறை டிசிபி, யுடிபி என்று இரண்டு. 443இல் டிசிபி மட்டும் தடுத்தால் போதாது, யுடிபியையும் சேர்த்துத் தடுக்க வேண்டும். குரோம் போன்றவை அந்த வழியாகவும் போகும்.

டியூஷன் நேரத்துல யூடியூபும் கேமும் மட்டும் நிறுத்தணும். முடியுமா?

முடியும். தளத்தின் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்து எழுதினால் அதன் கிளைத் தளங்களும் சேர்ந்து அடங்கும். யூடியூப் பக்கம் ஒரு பெயரிலும், வீடியோ கூகுள்வீடியோ என்ற வேறு பெயரிலும் வருகிறது. இரண்டையும் பட்டியலில் சேருங்கள். கூடவே மாலை 5 முதல் 8 வரை என்று நேர விதி ஒன்றும் எழுதி இணைத்தால் அந்த நேரம் மட்டும் தடுக்கும்.

"நம்ம சார் போட்ட பாட வீடியோ மட்டும் தெரியணும், மத்த யூடியூப் வேண்டாம்" என்பது நடக்காது. தளப் பெயர்தான் ப்ராக்ஸிக்குத் தெரியும், எந்த வீடியோ என்பது குழாய்க்குள். பாட வீடியோவை முன்பே இறக்கி உள்ளே ஒரு பகிர்வு ஃபோல்டரில் வைத்துக்கொள்வதே வழி. இன்னொன்று, தடுத்த தளத்தைத் திறந்தால் அழகான "அனுமதி இல்லை" பக்கம் வராது. எச்டிடிபிஎஸ் என்பதால் பிரவுசர் இணைப்புப் பிழை என்றே காட்டும். பிள்ளைகள் "நெட் போச்சு சார்" என்று வருவார்கள். சுவரில் தடுத்த தளங்களின் பட்டியலை ஒட்டி வையுங்கள், குழப்பம் பாதி குறையும்.

தம்பி, எங்க வீடு முகப்புல ஆரம்பிச்சு அடுத்த தெருவுல முடியுது. மெஷினை எங்க வைக்கணும்?

ஒரு ஆச்சி கேட்டது. நியாயமான கேள்வி. முகப்பில் ஃபைபர் மோடம் இருக்கும், வளவை (நடு முற்றம்) தாண்டி இரண்டாங்கட்டுக்குப் போனாலே வைஃபை செத்துவிடும். அந்த அகலச் சுவர்கள் அலைவரிசையை விழுங்கிவிடும். ப்ராக்ஸியை மோடத்துக்குப் பக்கத்திலேயே வைத்து, இரண்டுக்கும் நடுவே லேன் கேபிள் போடுங்கள். ப்ராக்ஸியை வைஃபையில் இணைக்கவே இணைக்காதீர்கள், எல்லார் போக்குவரத்தும் இருமுறை காற்றில் போகும்.

பின்கட்டுக்கு ஒரு லேன் கேபிள் இழுத்து அங்கே ஒரு அக்சஸ் பாயின்ட் (வைஃபை கொடுக்கும் பெட்டி) வையுங்கள். லேன் கேபிளின் எல்லை 100 மீட்டர். கேபிளுக்காகச் சுண்ணாம்புப் பூச்சை உடைக்காதீர்கள், ஆத்தங்குடிக் கல்லைப் பெயர்க்காதீர்கள். அந்தப் பூச்சை இன்று அதே பதத்தில் போட்டுக் கொடுக்கும் கை எளிதில் கிடைக்காது. மேலே மர உத்தரத்தை ஒட்டிக் கொண்டு போனால் கண்ணுக்கும் தெரியாது. திறந்த வளவைக் கேபிள் கடக்கும் இடத்தில் இடி மின்னல் பயம் உண்டு. மழைக்காலத்தில் வானம் இருட்டினால் அந்த முனையைக் கழற்றிவிடுங்கள். மெஷினைத் தகரக் கூரைக்கு அடியில் வைக்க வேண்டாம், சித்திரை வெயிலில் அதுவே அதற்கு எமன்.

கரண்ட் அடிக்கடி போகுது. ஒவ்வொரு தடவையும் யாராவது ஆன் பண்ணணுமா?

டெஸ்க்டாப் என்றால் பயாஸுக்குள் போய், கரண்ட் திரும்பியதும் தானே ஆன் ஆகும் அமைப்பை மாற்றுங்கள். நல்ல பேட்டரி உள்ள லேப்டாப்புக்கு அந்தப் பிரச்சினையே இல்லை. மூடியை மூடினாலும் தூங்காதபடி மட்டும் டெபியனில் அமைத்துவிடுங்கள். மோடத்தையும் ரூட்டரையும் இன்வெர்ட்டரில் சேருங்கள், ப்ராக்ஸி மட்டும் விழித்திருந்து பயனில்லை.

ஒன்று கவனிக்க வேண்டும். ஃபயர்வாலில் வேறு வழியை அடைத்திருந்தால், ப்ராக்ஸி செத்த அன்று வீடு முழுக்க நெட் இல்லை. அந்த ஃபயர்வால் விதியை எடுப்பது எப்படி என்று ஒரு தாளில் எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.

யார் என்ன பார்க்கிறாங்கன்னு எல்லாம் தெரிஞ்சுடுமா?

பதிவில் ஒரு வரி இப்படி இருக்கும்: நேரம், 192.168.1.23 என்ற கம்ப்யூட்டர், எத்தனை பைட், தளத்தின் பெயர், 443. அவ்வளவுதான். எந்தப் பக்கம், என்ன தேடினார், என்ன எழுதினார் என்பது தெரியாது. ஆனால் தளப் பெயர்களே ஒருவரைப் பற்றி நிறையச் சொல்லிவிடும். ஒரு நோயின் பெயரில் உள்ள தளத்துக்கு ஒருவர் தினம் போனால் போதாதா? அதனால் பதிவு வைக்கிறீர்கள் என்றால் பயன்படுத்துவோரிடம் சொல்லிவிட்டு வையுங்கள். தங்க வரும் விருந்தினர்களை இந்த ப்ராக்ஸி வழியாக அனுப்பாதீர்கள், ரூட்டரில் அவர்களுக்குத் தனி கெஸ்ட் நெட்வொர்க் கொடுங்கள்.

பிரவுசிங் சென்டர் நடத்துபவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு. 2011ஆம் ஆண்டு சைபர் கஃபே விதிகள்படி, பார்த்த தளங்களின் பதிவையும் ப்ராக்ஸி பதிவையும் குறைந்தது ஒரு வருடம் வைத்திருக்க வேண்டும். டெபியன் தானாக வைத்திருப்பது சில நாள் பதிவை மட்டுமே. பழைய பதிவை அழிக்கும் லாக்ரொட்டேட் அமைப்பில் அந்த நாள் எண்ணை மாற்றி, ஒரு பிரதியை வேறு டிஸ்க்கிலும் எடுத்து வையுங்கள்.

எச்டிடிபிஎஸ் உள்ளேயும் பார்க்க ஏதோ வழி இருக்காமே?

இருக்கிறது. ஸ்க்விட்டில் எஸ்எஸ்எல் பம்ப் என்று பெயர். உங்கள் சொந்தச் சான்றிதழை எல்லாக் கம்ப்யூட்டரிலும் நிறுவி, எல்லாத் தளமாகவும் நீங்களே நடித்து, நடுவில் பிரித்துப் படிப்பது. செய்யாதீர்கள். வீட்டாரின் பேங்க் பாஸ்வேர்டு உங்கள் பழைய மெஷினுக்குள் வெட்டவெளிச்சமாக வந்து போகும். அந்தச் சான்றிதழின் ரகசியச் சாவி ஒருவன் கையில் சிக்கினால் அத்தனை பேர் கணக்கும் போச்சு. பல பேங்க் ஆப்கள் இதைக் கண்டுபிடித்து வேலை செய்ய மறுத்தும்விடும்.

சிங்கப்பூர்ல இருக்கிற மகன் இந்த ப்ராக்ஸி வழியா நம்ம ஊர் நெட்டுல வர முடியுமா?

நம் பக்கம் இந்தக் கேள்வி நிறைய வரும். 3128 போர்ட்டை ரூட்டரில் வெளியே திறந்துவிட்டால் மகனும் வருவார், உலகமும் வரும். திறந்த ப்ராக்ஸியைத் தேடிக்கொண்டே இருக்கும் நிரல்கள் சீக்கிரமே மோப்பம் பிடித்துவிடும். அப்புறம் யாரோ ஒருவன் செய்யும் மோசடி உங்கள் வீட்டு ஐபியிலிருந்து போனதாகப் பதிவாகும். விசாரணை வந்தால் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டும்.

வேண்டுமென்றால் அதே பழைய மெஷினில் வயர்கார்டு என்ற விபிஎன் (வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்கு மறைகுறியிட்ட தனிப்பாதை) போடுங்கள். 2020இல் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே சேர்ந்துவிட்டது, பழைய மெஷினுக்கும் பாரமில்லை. மகனின் கருவிக்கு மட்டும் சாவி கொடுத்தால் மற்றவருக்குக் கதவே தெரியாது. அதற்கு முன் ரூட்டரில் வெளிப்பக்க ஐபியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையில் தொடங்கினால், நெட் கம்பெனி ஒரே முகவரியைப் பலருக்குப் பகிர்ந்து கொடுக்கிறது என்று அர்த்தம். வெளியிலிருந்து உள்ளே வர முடியாது, பொது ஐபி தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

எல்லாம் செஞ்சாச்சு. ஒரே ஒரு கம்ப்யூட்டர்ல மட்டும் வரல. எங்க தேடணும்?

பதிவைத் திரையில் ஓடவிட்டுக்கொண்டு அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு தளத்தைத் திறக்கச் சொல்லுங்கள். வரியே வரவில்லை என்றால் அது ப்ராக்ஸி வரை வந்து சேரவில்லை. ஐபியோ போர்ட்டோ தப்பு, அல்லது கேபிள். வரி வந்து அதில் டிசிபி டினைட் 403 என்று இருந்தால் உங்கள் விதிதான் மறுக்கிறது. அந்தக் கம்ப்யூட்டரின் ஐபி உங்கள் நெட்வொர்க் வரிக்குள் அடங்குகிறதா என்று பாருங்கள். கெஸ்ட் வைஃபையில் போய் ஒட்டிக்கொண்டிருந்தால் ஐபி வேறு வரிசையில் இருக்கும். 503 என்றால் விதி சரி, ப்ராக்ஸிக்கே வெளியே வழி கிடைக்கவில்லை. பெரும்பாலும் டிஎன்எஸ், அதாவது தளப் பெயரை ஐபியாக மாற்றித் தரும் சேவை. ஆனால் அது எல்லாக் கம்ப்யூட்டரிலும் தெரியும், ஒன்றில் மட்டும் வராது. டிசிபி டன்னல் 200 என்று நல்லபடியாக வந்தும் பக்கம் திறக்கவில்லை என்றால், அந்தக் கம்ப்யூட்டரின் சொந்தத் தேதியைப் பாருங்கள். அதன் பட்டன் பேட்டரி தீர்ந்து தேதி பின்னால் போயிருந்தால் பிரவுசர் எந்தச் சான்றிதழையும் ஏற்காது.